பத்து எண்ணும் காவல்காரன்

என் அண்ணன் கடைசி இரண்டு வருடங்களில் பேசியவற்றில் பெரும்பகுதி என்னிடம் ஒரு கட்டுத் தாளாக இருக்கிறது. வானொலி நிலையத்தில் அன்றன்று போடும் பாட்டுகளை எழுதி வைப்பதற்காக அச்சடித்த மஞ்சள் தாள்கள். ஒரு பக்கத்தில் வரிசை எண், பாட்டு, நிமிடம், நொடி என்று கட்டங்கள் இருக்கும். மறுபக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தில்தான் அவன் பேசினான். கோழி கிளறிய மாதிரி எழுத்து. அண்ணிக்கே சில இடங்களில் புரியாது, எனக்குப் புரியும்.

நிலையத்தில் அவனை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் அப்படித்தான் இருப்பான். இசைத்தட்டுகள் இருந்த காலத்தில் முள்ளை வைத்த கையும் அவனுடையதே. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை இசை நிகழ்ச்சி. இருபத்தொரு வருடம் அதை அவன்தான் நடத்தினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் அவன். இந்தப் பக்கம் ஒலி மேசையில் நான். "அண்ணன் தங்கச்சி சண்டை வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் நடுவுல கண்ணாடி போட்டிருக்காங்க" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

என் வலது கைப்பக்கம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி உண்டு. ஒலிபரப்பில் சத்தமே இல்லாமல் போனால் அது எண்ணத் தொடங்கும். ஒன்று, இரண்டு என்று சிவப்பு எண்கள் ஏறும். பத்து ஆனதும், நிலையத்தில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று தானே முடிவு செய்து, தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் ஓர் இசையை ஒலிபரப்பிவிடும். நாங்கள் அதற்குக் காவல்காரன் என்று பெயர் வைத்திருந்தோம். அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும்.

அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். நல்ல பாட்டு ஒன்று முடிந்தால் உடனே பேச மாட்டான். கேட்டவர்கள் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்பான். ஐந்து, ஆறு, ஏழு என்று எண் ஏறும். பச்சைப் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு அவனை முறைப்பேன். அவனும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்பதில் வாயைத் திறப்பான். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பத்தைத் தொட்டதில்லை.

அவன் தொண்டையில் கட்டி இருப்பது தெரிந்தபோது அது எடுக்க முடியாத இடத்தில் வளர்ந்திருந்தது. "ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசலாம். அதுக்கு மேல போனா வெறும் காத்துதான் வரும்" என்றார் டாக்டர். அன்றைக்கே அண்ணி வீட்டில் சட்டம் போட்டார். எழுந்ததிலிருந்து நிகழ்ச்சி தொடங்கும் வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது. ஆமாம் என்றால் ஒரு கைத்தட்டு. இல்லை என்றால் இரண்டு. மற்றதெல்லாம் தாளில். "கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல இப்பத்தான் நான் சொல்றதை முழுசாக் கேக்கறார்" என்று சிரித்தார். சிரித்த வேகத்திலேயே சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

நிலையத்தில் விஷயம் தெரிந்தால் மருத்துவக் குழுவின் முன்னால் நிறுத்துவார்கள். குரலில்லாத அறிவிப்பாளனை ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் நானும் அவனும் சேர்ந்து ஓர் ஏமாற்று வேலை செய்தோம். வேறு பெயர் சொல்லி அதை மழுப்ப விரும்பவில்லை. வணக்கத்தையும் முதல் பாட்டின் அறிமுகத்தையும் அவன் நேரடியாகச் சொல்வான். மற்றவற்றை அவனுடைய பழைய பதிவுகளிலிருந்து வெட்டி எடுத்து வைத்திருந்தேன். 'அடுத்து', 'இதோ', 'கேட்டுக்கொண்டே இருங்கள்' என்பவை. பாட்டு ஓய்கிற நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்துவேன். பதினான்கு மாதம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்போதுதான் புது டைரக்டர் மேடம் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நிகழ்ச்சி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அண்ணனின் அன்றைய பத்து நிமிடமும் தீர்ந்திருந்தது.

"பாட்டு கேக்கறவங்க எல்லாம் ஃபோனுக்குப் போயிட்டாங்க" என்றார் மேடம். "அவங்களை நாம பிடிச்சு வைக்க முடியாது. ஆனா பேசறதுக்கு ஒரு ஆள் வேணும்னு தேடறவங்க இன்னும் ரேடியோ பக்கம்தான் இருக்காங்க. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. ஒண்ணாம் தேதியிலேர்ந்து இந்த ஸ்டேஷன்ல பாட்டே கிடையாது. காலையில ரெண்டு மணி நேரம் நேயர்கள் ஃபோன் பண்ணிப் பேசுவாங்க. நாம பதில் சொல்லுவோம். நேரலை."

அண்ணன் தலையாட்டினான்.

"யாரை உக்கார வைக்கலாம்னு ஒரு கருத்துக் கணிப்பு நடத்தினோம். நூத்துக்கு எழுபது பேர் உங்க குரலைத்தான் சொல்லியிருக்காங்க. அந்தக் குரலை நம்பித்தான் இதையே ஆரம்பிக்கறோம்."

நான் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பேன், இல்லை அழுதிருப்பேன். அவன் கைகூப்பினான்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறார்?"

"அவர் மைக் முன்னாடி மட்டும்தான் மேடம் பேசுவார்" என்றேன். "வீட்டுலயும் இப்படித்தான். வேணும்னா எங்க அண்ணியைக் கேட்டுப் பாருங்க."

"நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் சேத்து வச்சு அங்க பேசட்டும்" என்று மேடம் சிரித்தார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு மணி நேரம்டா! வா, உள்ள போய்ச் சொல்லிடலாம். அந்தம்மா மோசமானவங்க இல்ல."

அவன் இரண்டு தடவை தட்டினான். தாழ்வாரக் கோடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்குப் பாராட்டு என்று திரும்பிப் பார்த்தார்கள். அவன் சுவரில் தாளை வைத்து எழுதினான். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. "வீட்ல உக்காந்தா நான் நோயாளி. இங்க உக்காந்தா ஊசி. இன்னும் எத்தனை நாளோ, அத்தனை நாள்."

மூன்று வாரங்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடிட்டிங் அறையைப் பூட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பழைய நாட்களில் அவன் விருந்தினர்களோடு பேசிய நிகழ்ச்சிகள் நிறைய இருந்தன. 'சொல்லுங்க', 'ம்', 'அடடா', 'உண்மைதான்', ஒரு சிரிப்பு, 'நன்றி, அடுத்த நேயர் யாருன்னு பார்ப்போம்'. மொத்தம் இருபத்து நான்கு துண்டுகள். 'அப்படியா' மட்டும் ஆறு வகை கிடைத்தது. சோகத்துக்கு ஒன்று, சந்தோஷத்துக்கு ஒன்று, நம்பாததற்கு ஒன்று.

"ஒரே ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கியே" என்றேன்.

அவன் எழுதினான்: "கல்யாணம் ஆனவன்."

இன்னொரு பக்கம் நிலையத்தைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இசைத்தட்டுகளும் நாடாக்களும் அட்டைப் பெட்டிகளில் ஏறின. கணினியிலிருந்த பாட்டுகளை ஒரு பிற்பகலில் மொத்தமாக அழித்தார்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் முகப்பிசையைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசி இசை நாளன்று விடைபெறும் பேச்சு எதுவும் வேண்டாம் என்று உத்தரவு. கடைசிப் பாட்டு முடிந்து, காவல்காரன் ஒன்பது காட்டியபோது, அவன் சொன்னது இவ்வளவுதான்: "நேரம் ஒன்பது மணி."

முதல் பேச்சு நாள் ஒரு திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வருகிறவன் மாதிரி குரலைச் சுமந்துகொண்டு ஸ்டுடியோவுக்குள் போனான். எங்கள் திட்டம் இதுதான். தவிர்க்க முடியாத இடத்தில் அவன் பேசுவான். மற்ற இடங்களில் நான் பொத்தானை அழுத்துவேன். அவன் மைக்குக்குப் பின்னால் உதட்டை அசைப்பான்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது என் அறைக் கதவு திறந்தது. மேடம் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

"முதல் நாளாச்சே. இங்கயே உக்காந்து பாக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். இருபத்து நான்கு பொத்தான்கள் கொண்ட பலகை என் இடது கைக்குக் கீழே இருந்தது. நேயர்களின் விவரம் எழுதும் அட்டையை அதன்மேல் சாய்த்து வைத்து, கையை உள்ளே நுழைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அப்பால் அண்ணன் மேடத்தைப் பார்த்துவிட்டான். நாற்காலியை இழுத்து, மைக் வாயை மறைக்கும்படி நெருங்கி உட்கார்ந்தான்.

"ஏன் மைக்கைத் தின்னப் போற மாதிரி உக்காந்திருக்கார்?"

"பக்கத்துல இருந்தா குரல் கனமா விழும் மேடம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னான். அன்றைய பேச்சு நகரப் பேருந்துகள் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்பது பற்றி. அவன் குரல் கரகரத்தாலும் உடையவில்லை.

"சளியா?"

"காலை நேரம் மேடம். போகப் போகச் சரியாயிடும்."

முதலில் வந்தவர் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். பேருந்துக்காக நாற்பது நிமிடம் நின்ற கதையைச் சொன்னார். 'சொல்லுங்க', 'ம்', சோகமான 'அப்படியா'. ஒவ்வொன்றையும் அழுத்தும் முன் அவன் உதட்டைப் பார்த்தேன். அவன் என் தோள் அசைவதைப் பார்த்தான். கால் நொடிகூடப் பிசகவில்லை. என் உள்ளங்கை வியர்த்துப் பொத்தான்கள் வழுக்கின.

அடுத்தவர் கோபமாக வந்தார். "பாட்டு எங்கய்யா? பஸ்ஸு வரலைங்கறது பஸ்ஸுக்கு நிக்கறவனுக்குத் தெரியாதா? அதை நீங்க வேற ரேடியோல சொல்லணுமா?"

சிரிப்பை அழுத்தினேன். அண்ணனின் தோள்கள் குலுங்கின. எனக்குப் பின்னால் மேடமும் சிரித்துவிட்டார். "நல்லா சமாளிக்கறார்" என்றார். அந்த ஒரு நிமிடம், இது நடந்துவிடும் என்று நம்பினேன். சுவர்க் கடிகாரம் ஏழு இருபத்தைந்து. அவன் தன் சொந்தக் குரலில் எட்டு நிமிடத்துக்கு மேல் செலவழித்திருந்தான்.

மூன்றாவது அழைப்பு ஒரு தையல்காரப் பெண்ணுடையது.

"ஐயா, நான் தையல் கடை வச்சிருக்கேன். பத்தொன்பது வருஷமா உங்களைக் கேக்கறேன்."

'சொல்லுங்க.'

"பாட்டு ஓடினா மிஷினை மிதிச்சுக்கிட்டே கேப்பேன். பேச்சுன்னா அப்படி முடியலை. காஜா எங்க போகுது, காலர் எங்க போகுதுன்னு தெரியாமப் போயிடுது. அதனால இன்னிக்கு மிஷினை நிறுத்திட்டுக் கேக்கறேன்."

சந்தோஷமான 'அப்படியா'வை அழுத்தினேன்.

"இதுதான்யா! இதைக் கேக்கத்தான் ஃபோன் பண்ணினேன். நீங்க வணக்கம்னு சொன்னப்ப ரூம் அமைதியா இருந்துச்சு. 'அப்படியா'ங்கறப்ப மட்டும் பின்னாடி ஒரு ஃபேன் சுத்துது. டக்கு, டக்குனு. நீங்க நிறுத்தினா அதுவும் நின்னுடுது. அதென்னய்யா, நீங்க வாயைத் திறந்தா மட்டும் சுத்தற ஃபேன்?"

பழைய மின்விசிறி. ஏசி வந்தபோது அதைக் கழற்றிப் போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. ஓர் இறக்கை வளைந்து, சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று தட்டும். நான் வெட்டிய துண்டுகள் அத்தனையும் அதற்கு முந்தையவை. பதினான்கு மாதம் அந்தச் சத்தத்தைப் பாட்டு மூடி வைத்திருந்தது. பாட்டை எடுத்ததும் அது வெளியே வந்துவிட்டது. நானும் அண்ணனும் பதினைந்து வருடம் அந்த விசிறிக்கு அடியில் உட்கார்ந்தவர்கள். எங்கள் காதுக்கு அது ஒரு சத்தமாகவே படவில்லை.

"என்ன ஃபேன்?" என்றார் மேடம். "ஸ்டுடியோவுல ஃபேனே கிடையாதே."

அவர் எழுந்து வருவது தெரிந்தது. அண்ணனைப் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார். ஒரு விரலால் அட்டையை நகர்த்தினார். பொத்தான்களுக்கு மேலே என் கையெழுத்து வரிசையாக இருந்தது. அப்படியா, சோகம். அப்படியா, சந்தோஷம். சிரிப்பு, சின்னது. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

தையல்காரப் பெண் பதிலுக்குக் காத்திருந்தார். காவல்காரன் எண்ணத் தொடங்கியிருந்தது. இரண்டு. மூன்று. என் விரல் கடைசிப் பொத்தானுக்குப் போனது. 'நன்றி, அடுத்த நேயர் யாருன்னு பார்ப்போம்.' அழுத்தினால் அந்தப் பெண் போய்விடுவார். நேயர்களுக்கு விளங்காது. மேடத்திடம் பிறகு காலில் விழுந்தாவது கெஞ்சிக்கொள்ளலாம். நான்கு.

அண்ணன் கைதட்டினான். மைக்குக்கு நேராக, நேரலையில், இரண்டு தடவை.

என் விரலை எடுத்தேன். சத்தம் கேட்டதும் எண் பூஜ்யத்துக்குப் போனது. அவன் மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தான். முகம் முழுசாகத் தெரிந்தது.

"அம்மா" என்றான். பாதி காற்றாக வந்தது. "அந்த ஃபேனைக் கழட்டி ஆறு வருஷமாச்சு. நீங்க கேட்டது பழைய குரல். இப்ப என்கிட்ட இருக்கறது இதுதான்."

"கேக்குதுய்யா" என்றார் அந்தப் பெண். "மெதுவாவே சொல்லுங்க. நான் மிஷினை ஓட்டலை."

அவன் வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன. இந்த முறை அது பாசாங்கு இல்லை. ஒலி மேசையில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் அசையவே இல்லை. ஒன்று. இரண்டு.

"அடுத்த ஃபோனை எடு" என்றார் மேடம். "ரீசெட் பண்ணு. என்ன பாத்துக்கிட்டிருக்க? நாடு பூரா கேக்குது."

ஐந்து. என் வலது கை பச்சைப் பொத்தானுக்கு மேலே இருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், எப்போதும் பார்ப்பது போல. ஏழு. ஒன்பதில் பேசிவிடுவான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எட்டு. ஒன்பது.

பத்து ஆனது.

காவல்காரன் உள்ளே எதையோ சொடுக்கியது. ஒரு வயலின் தொடங்கியது. பதினோரு வருடத்துக்கு முன் அதே ஸ்டுடியோவில் அண்ணன் பதிவு செய்து, அந்தப் பெட்டிக்குள் போட்டு வைத்தது. நிலையத்திலிருந்த பாட்டையெல்லாம் அழித்தவர்களுக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. எங்களுக்கும்தான். வயலினுக்குப் பின்னால் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டக்கு. டக்கு.

"இது எங்கேர்ந்து வருது? நிறுத்து."

நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல?"

"நிறுத்தறேன் மேடம். முடியட்டும்."

அவர் குனிந்து தானே அந்தப் பொத்தானைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். தையல்காரப் பெண்ணின் தொடர்பை நான் துண்டித்திருக்கவில்லை. ஒலிபரப்பில் போகாமல் என் ஹெட்ஃபோனில் மட்டும் அவர் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் ரேடியோவின் வயலின். பிறகு ஒரு மரப்பலகை கிறீச்சிட்டது. பிறகு தையல் மிஷின் ஓடத் தொடங்கியது. வயலின் ஒலித்த நான்கு நிமிடமும் ஓடியது.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் வழக்கப்படி நடந்தன. மேடம் அறிக்கை எழுதினார். எழுதாமல் இருக்க முடியாது. எழுதியதை அனுப்பும் முன் என்னிடம் படித்துக் காட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை. அண்ணன் ஒன்பதாம் நாள் மருத்துவக் குழுவின் முன் போய் நின்றான். அத்தோடு வீடு. என்னை ஆறு மாதம் சேமிப்பு அறைக்கு மாற்றி, அட்டைப் பெட்டிகளுக்கு எண் போட வைத்தார்கள். பேச்சு நிகழ்ச்சிக்கு வேறு குரல் வந்தது. அதுவும் நல்ல குரல்தான்.

வீட்டில் அவன் ஐந்து மாதம் இருந்தான். கடைசியில் அந்தப் பத்து நிமிடமும் கிடையாது. நான் வேலை முடிந்து நேராக அங்கே போவேன். எண் போட்ட பெட்டிகளைப் பற்றிச் சொல்வேன். எந்தப் பெட்டியில் எந்தப் பாட்டு வந்தது என்று சொன்னால், அதை எந்த வருடம் எந்த மழையில் போட்டான் என்று எழுதிக் காட்டுவான்.

ஒன்றை மட்டும் கேட்காமலே இருந்தேன். அன்று நான் பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தால், மேடத்தின் வாயை எப்படியாவது அடைத்திருந்தால், இன்னும் ஒரு மாதமோ, பத்து நாளோ அவன் அந்த நாற்காலியில் இருந்திருப்பான். அவன் கேட்டதே அந்த நாட்களைத்தான். அவன் இரண்டு தடவை தட்டியது, 'நன்றி' என்ற துண்டை அழுத்தாதே என்பதற்கு மட்டும்தான். பச்சைப் பொத்தானுக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே சும்மா இருந்தது நான்.

அவன் இறப்பதற்குப் பதினாறு நாள் முன்பு, ஒரு மதியம், கேட்டேவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கணுமா?"

அவன் தலையணையில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். கைகளை மெதுவாகப் போர்வைக்கு மேலே எடுத்து, ஒரு தடவை தட்டினான்.

நான் காத்திருந்தேன். இரண்டாவது தட்டு வரவில்லை. என்னையறியாமல் மனதுக்குள் எண்ண ஆரம்பித்திருந்தேன். மூன்று. நான்கு. கைகள் விரிந்தபடியே அந்தரத்தில் நின்றன. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதில் தட்டினான்.

தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வர, அப்படியொரு சிரிப்பு. "சீ, போடா" என்று போர்வைக்கு மேல் அவன் காலில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். சமையலறையிலிருந்து அண்ணி கத்தினார்:

"ஒரு தட்டா, ரெண்டு தட்டா? மருந்து இப்ப வேணுமா, வேணாமா? சரியாத் தட்டித் தொலைங்க!"